பயிற்சிக்கு அழைத்தால் ஆசிரியர்கள் ஏன் தயங்குகிறார்கள்? பள்ளிக்குள் நடக்கும் பணித்திறன் மேம்பாடு: ஒரு விளக்கம்

'பள்ளி சார்ந்த ஆசிரியர் மேம்பாடு' என்ற தொடர் இப்போது கல்விக் கொள்கை ஆவணங்களிலும் சுற்றறிக்கைகளிலும் அடிக்கடி வருகிறது. படிக்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழுகிறது: ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பயிற்சிகள் நடக்கின்றனவே, இது என்ன புதிதாக? ஆசிரியர்களுக்கு எழும் கேள்வி வேறு: இருக்கும் வேலையோடு இதற்கும் நேரம் எங்கிருந்து வரும்? இரண்டாவது கேள்வியைக் கண்டுகொள்ளாத பள்ளியில் முதல் கேள்விக்கு எவ்வளவு அழகாகப் பதில் சொன்னாலும் பயனில்லை. திட்டம் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடும்.

சொல்லும் பொருளும்

பணியிடைப் பயிற்சி என்றதும் நினைவுக்கு வரும் காட்சி ஒன்று உண்டு. பல பள்ளிகளின் ஆசிரியர்கள் ஓர் அரங்கில் கூடுவார்கள். கருத்தாளர் ஒருவர் திரையில் எதையோ காட்டிப் பேசுவார். மாலையில் கையேடும் சான்றிதழும் கிடைக்கும். மறுநாள் வகுப்பு பழையபடியே நடக்கும்.

இதே சொற்பொழிவைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துவிட்டால் அது பள்ளி சார்ந்ததாகிவிடாது. இடம் மாறுவது இங்கே பெரிய விஷயமே அல்ல. வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் மூன்று:

1. பேசுபொருள் அந்தப் பள்ளி மாணவர்களின் கற்றலிலிருந்து எழுகிறது. "ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் இந்தக் கணக்கில் ஒரே தவற்றைச் செய்கிறார்கள், ஏன்?" என்பதுபோல.
2. கற்பவர்களும் கற்பிப்பவர்களும் அதே பள்ளியின் ஆசிரியர்களே. வெளியாள் வரலாம், ஆனால் அவர் துணைக்கு வருகிறார்.
3. ஒரு நாளில் முடிவதில்லை. முயன்று பார்த்து, கூடிப் பேசி, திருத்தி, மறுபடி முயலும் சுற்றாக நடக்கிறது.

சக ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்குவது, அனுபவமுள்ள ஒருவர் புதியவருக்கு வழிகாட்டுவது, மாணவர் விடைத்தாள்களைச் சேர்ந்து அலசுவது, பாடத்தைக் கூட்டாகத் திட்டமிடுவது எல்லாம் இதன் வடிவங்கள். இலங்கைத் தமிழில் இத்துறையை 'வாண்மை விருத்தி' என்பார்கள். 'பயிற்சி' என்ற சொல்லைவிட அது பொருத்தமாகவே படுகிறது. பயிற்சி பிறர் தருவது. விருத்தி தானாக வளர்வது.

அரங்கில் கேட்டது வகுப்பறைக்கு ஏன் வருவதில்லை

அமெரிக்க ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்தார்கள். கோட்பாட்டை விளக்குவது, செய்து காட்டுவது, செய்துபார்க்க விடுவது, பின்னூட்டம் தருவது என்று பயிற்சியின் கூறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இவை அறிவையும் ஓரளவு திறனையும் தருகின்றன. ஆனால் கற்றதை அன்றாட வகுப்பில் தொடர்ந்து பயன்படுத்த, வகுப்பறைக்கே வந்து உடனிருக்கும் வழிகாட்டல் தேவைப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இது தொடர்பாக அவர்கள் பின்னர் தந்த சதவீதங்களைப் பயிற்சிக் கூட்டங்களில் மந்திரம்போல ஒப்பிப்பதைக் கேட்கலாம். அந்த எண்களைத் துல்லியமான அளவீடாகக் கொள்ளாமல், எந்தத் திசையைக் காட்டுகின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

வலுவான சான்று பின்னர் வந்தது. மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் ஆகியோர் வழிகாட்டல் முறை பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். கற்பிக்கும் முறையில் கணிசமான முன்னேற்றமும், மாணவர் தேர்ச்சியில் அதைவிடச் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றமும் தெரிந்தன. அதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: திட்டத்தில் சேரும் ஆசிரியர்களின் எண்ணிக்கை பெருகப் பெருகப் பலன் குறைகிறது. இருபது பேருக்கு நன்றாக வேலை செய்தது இரண்டாயிரம் பேருக்கு அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய அறிவிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பழக்கம் ஏன் இவ்வளவு உறுதியாக இருக்கிறது? சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் சொன்ன விளக்கம் இன்றும் பொருந்துகிறது. மற்றத் தொழில்களுக்குள் வருபவர் அந்தத் தொழிலை வெளியிலிருந்தே பார்த்திருப்பார். ஆசிரியராக வருபவரோ மாணவராக இருந்த காலம் முழுவதும் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். கற்பித்தல் என்றால் என்ன என்பது பணியில் சேருவதற்கு முன்பே மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒரு நாள் கருத்தரங்கு அதை அசைக்குமா? லார்ட்டி இன்னொன்றையும் சுட்டினார்: பள்ளி ஒரு முட்டைத் தட்டு போன்றது. ஒவ்வொருவரும் தம் குழிக்குள். பக்கத்து வகுப்பில் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்துபவரின் ஒரு பாடத்தைக்கூட முழுதாகப் பார்க்காமலேயே ஓய்வு பெறும் ஆசிரியர்கள் உண்டு.

ஒரு சுற்று எப்படி நடக்கிறது

பாட ஆய்வு என்னும் முறையை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று பெயர். அதன் வேர்கள் 19ஆம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்துக்குப் போகின்றன. 1990களின் இறுதியில்தான் பிற நாடுகள் அதைக் கவனித்தன.

ஒரு பள்ளியில் நான்கு கணித ஆசிரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்குப் பல மாணவர்கள் 0.35 என்று எழுதுகிறார்கள். வழக்கமாக நடப்பது: விதியை மறுபடி சொல்வது, பத்துக் கணக்குகள் கூடுதலாகக் கொடுப்பது. பாட ஆய்வில் நடப்பது வேறு.

1. நால்வரும் மாணவர் விடைகளைப் பரப்பி வைத்துப் பார்க்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை என்பது தெரிகிறது. மாணவர்கள் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கிறார்கள்: 35 நான்கைவிடப் பெரியதுதானே. முழு எண்ணில் சரியாக இருந்த தர்க்கத்தை இங்கேயும் கொண்டுவருகிறார்கள்.
2. இந்தக் குழப்பத்தைக் குறிவைத்து ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். எண்கோட்டில் தொடங்குவதா, நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தை நிழலிடச் சொல்வதா? முதலில் 0.35, 0.4 என்று கேட்பதா, 0.5, 0.25 என்று கேட்பதா? மாணவர் என்ன விடை சொல்வார், அதற்கு என்ன எதிர்வினை தருவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறார்கள்.
3. ஒருவர் பாடம் நடத்துகிறார். மூவர் மாணவர்களின் அருகே நின்று கவனிக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது மாணவரை. பாடம் நடத்துபவரை அல்ல. எந்த மாணவர் எந்தக் கட்டத்தில் பென்சிலை நிறுத்தினார், யார் அடித்து எழுதினார், பக்கத்திலிருப்பவரிடம் என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்கிறார்கள்.
4. அன்றே கூடிப் பேசுகிறார்கள். பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசுவார். மற்றவர்கள் தாம் பார்த்ததைச் சொல்வார்கள். தேவைப்பட்டால் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர் கடைசியில் கருத்துரைப்பார்.
5. திருத்திய பாடத்தை இன்னொருவர் தம் வகுப்பில் நடத்துகிறார்.

மூன்றாவது, நான்காவது படிகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாடத்தைத் திட்டமிட்டவர்கள் நால்வர் என்பதால் அது சரியாகப் போகாவிட்டால் பழி ஒருவர் தலையில் விழுவதில்லை. "நீங்கள் அவசரப்பட்டீர்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. "நாம் போட்ட இரண்டாவது கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை" என்ற பேச்சுக்குத்தான் இடம். குறை காண்பது எளிதாகிறது, கேட்பதும் எளிதாகிறது.

தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல

ஆசிரியர்கள் கற்க விரும்பாதவர்கள் என்ற பேச்சு ஆய்வுகளோடு ஒத்துப்போகவில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் 48 நாடுகளிலும் பகுதிகளிலும் நடத்திய டாலிஸ் என்னும் ஆசிரியர் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு மேம்பாட்டு நிகழ்வில் பங்கேற்றதாகச் சொன்னவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். ஆனால் சக ஆசிரியர்களிடமிருந்து கற்கும் வகை நிகழ்வுகளில் பங்கேற்றவர்கள் பாதிக்கும் குறைவு. இத்தனைக்கும் கூட்டாகச் செய்வதுதான் அதிகம் பயன்பட்டது என்று ஆசிரியர்களே அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது விருப்பம் இருக்கிறது, வாய்ப்பு வேறு பக்கம் இருக்கிறது.

எது தடுக்கிறது? அதே கணக்கெடுப்பில் முதலிடத்தில் வந்த தடை வேலை நேரத்தோடு மோதுவது. பாதிக்கும் மேற்பட்டோர் இதைச் சொன்னார்கள். ஊக்கம் தரும் ஏற்பாடு இல்லை என்பதும் செலவும் அடுத்தடுத்து வந்தன. இவை படிவத்தில் எழுதக்கூடிய காரணங்கள். படிவத்தில் எழுதாத இரண்டு காரணங்கள் உண்டு, அவையே ஆழமானவை.

ஒன்று, அச்சம். வகுப்புக்குள் இன்னொருவர் வந்து உட்காருவது பெரும்பாலான பள்ளிகளில் மேற்பார்வையின்போது மட்டுமே நடக்கிறது. பின்பெஞ்சில் குறிப்பேட்டோடு ஒருவர் அமர்ந்தால் அது தம்மைப் பற்றிய அறிக்கைக்காகத்தான் என்று ஆசிரியர் நினைப்பது அனுபவத்திலிருந்து வரும் நியாயமான ஊகம்.

இன்னொன்று, சலிப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் எத்தனையோ திட்டங்கள் ஆரவாரமாக வந்து சத்தமில்லாமல் மறைந்ததைப் பார்த்திருப்பார். ஒவ்வொன்றும் முந்தையதைத் தவறு என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கும். இதுவும் கடந்து போகும் என்று அவர் காத்திருப்பதை எதிர்ப்பு என்று பெயரிடுவது எளிது. அவர் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை முதலில் வருமா, பலன் முதலில் வருமா?

பல திட்டங்கள் ஆசிரியரின் மனத்தை மாற்றுவதில் தொடங்குகின்றன. முதலில் முறையின் அருமையை விளக்கி நம்ப வைத்துவிட்டால், நம்பியவர் தானாகச் செய்வார் என்ற எதிர்பார்ப்பு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். ஆசிரியரின் நம்பிக்கை மாறுவது கடைசியில்தான் என்றார் அவர். முதலில் வகுப்பில் ஒரு சிறு மாற்றம். அதனால் மாணவர் கற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பலன். அதைப் பார்த்த பிறகே நம்பிக்கை.

இது சரியென்றால், ஊக்குவிக்கும் முறையே மாறவேண்டும். நீண்ட விளக்கவுரைக்குப் பதில் ஒரு வாரத்தில் செய்துபார்க்கக்கூடிய, தோற்றாலும் இழப்பில்லாத ஒரு முயற்சி தேவை. பாட முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டு, துண்டுத்தாளில் விடை வாங்கி, யாருக்குப் புரியவில்லை என்று அன்றே பிரித்துப் பார்ப்பது ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து நிமிடம் ஆகும். தாம் புரிந்திருக்கும் என்று நினைத்த பாடம் எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பதைத் தம் கையிலுள்ள தாளில் பார்க்கும் ஆசிரியரை, அடுத்த கூட்டத்துக்கு வரும்படி யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

பங்கேற்பை வளர்க்கும் ஏற்பாடுகள்

1. நேரத்தை முதலில் ஒதுக்குவது. கால அட்டவணை போட்டு முடித்தபின் கூட்டத்துக்கு இடம் தேடினால் மிஞ்சுவது பள்ளி முடிந்த பின் வரும் களைத்த ஒரு மணி நேரம்தான். ஒரே பாடத்தின் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது பொதுவான ஓய்வாக அமையும்படி, மற்றப் பாடவேளைகளை நிரப்புவதற்கு முன்பே அதைப் பூட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் அவர்களுடைய வகுப்புகளுக்கு விளையாட்டு, நூலகம், ஓவியம் போன்றவை வரலாம். ஆண்டின் நடுவே இதைச் செய்வது கிட்டத்தட்ட முடியாது. எனவே தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். சிங்கப்பூர் 1998 முதல் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேர மேம்பாட்டை உரிமையாகவே வைத்திருக்கிறது.

2. மதிப்பீட்டிலிருந்து பிரிப்பது. வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. உற்றுநோக்கும் ஆசிரியர் மதிப்பெண் இடக்கூடாது. குறிப்புகள் பாடம் நடத்தியவரிடமே இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அதன் நகலைக் கேட்கக்கூடாது. ஒரே ஒரு முறை அந்தக் குறிப்பு பணி மதிப்பீட்டுக் கோப்புக்குள் போனால், அதன்பின் எல்லாரும் பாதுகாப்பான, ஒத்திகை பார்த்த பாடங்களையே நடத்திக் காட்டுவார்கள்.

3. சிக்கலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மேலிருந்து வந்த தலைப்பைவிட, "என் வகுப்பில் இது ஒத்துவரவில்லை" என்று ஆசிரியரே கொண்டுவந்த சிக்கலுக்குக் கூட்டம் சேரும்.

4. தலைமையாசிரியர் தம் வகுப்பைத் திறப்பது. முதல் உற்றுநோக்கல் அவருடைய வகுப்பில் நடக்கட்டும். அதில் ஏதாவது சரியாகப் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

5. மூத்தவர்களுக்கு உரிய இடம். அவர்களைத் திருத்தப்பட வேண்டியவர்களாக அழைக்கக்கூடாது. மாணவர்கள் எந்த இடத்தில் எப்படித் தடுமாறுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பாட ஆய்வின் இரண்டாவது படி அந்த அறிவை நம்பித்தான் நடக்கிறது.

கட்டாயமாக்கலாமா? பணம் கொடுக்கலாமா?

கனடாவில் பணியாற்றிய கல்வி ஆய்வாளர் ஆண்டி ஹார்க்ரீவ்ஸ் 1990களில் ஒரு போக்கைக் கவனித்தார்: நிர்வாகத்தின் ஆணைக்காக, குறித்த நேரத்தில், குறித்த படிவத்தை நிரப்ப ஆசிரியர்கள் கூடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூட்டுழைப்புபோலத் தெரியும். உள்ளே எதுவும் இருக்காது. ஆக, முழுக் கட்டாயம் வெறும் சடங்கில் முடிகிறது. முழுவதும் விருப்பத்துக்கு விட்டாலோ ஏற்கெனவே ஆர்வமுள்ள நாலைந்து பேர் மட்டுமே வருவார்கள். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான தூரம்தான் கூடும். என் பார்வையில் நடுவழி ஒன்று இருக்கிறது: கூடும் நேரம் எல்லாருக்கும் பொது, அதில் எதைப் பேசுவது என்பது ஆசிரியர்களின் முடிவு.

பணத்தைப் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட பரிசோதனையில், புதிர்களை விடுவிப்பதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்றபின் அந்தப் புதிர்களில் ஆர்வம் குறைந்து காணப்பட்டார்கள். தானாக எழும் ஆர்வத்தை வெகுமதி இடம்பெயர்த்துவிடக்கூடும். இதைச் சொல்லிக்கொண்டு பள்ளி நேரத்துக்குப் பிறகு செய்யும் வேலைக்கு ஒன்றும் தராமல் இருப்பது வேறு விஷயம். அதிக நேர வேலைக்குத் தருவது ஊதியம். வருகைக்குத் தருவதுதான் வெகுமதி. முன்னது கொடுக்கப்பட வேண்டியது. பின்னதைவிட, மேம்பாட்டுக்குச் செலவிடும் மணி நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்ப்பதும் பதவி உயர்வில் கருதுவதும் நீடித்து நிற்கும். சான்றிதழ்களைக் குவிப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை.

பலனை எதைக் கொண்டு அளப்பது

நிகழ்ச்சி முடிந்ததும் "பயனுள்ளதாக இருந்ததா?" என்று படிவம் தருவார்கள். கஸ்கி 2000இல் வகுத்த ஐந்து நிலைகளில் இது முதலாவது மட்டுமே. ஆசிரியர் என்ன கற்றார் என்பது இரண்டாவது. பள்ளி அமைப்பு அதற்கு இடம் கொடுத்ததா என்பது மூன்றாவது. கற்றதை வகுப்பில் பயன்படுத்தினாரா, மாணவரிடம் மாற்றம் தெரிகிறதா என்பன நான்காவதும் ஐந்தாவதும்.

இவற்றில் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆசிரியர் நன்றாகக் கற்றிருப்பார்; குழுச் செயல்பாட்டை முயன்று பார்க்கவும் விரும்புவார். ஆனால் வகுப்பில் இரைச்சல் கேட்டால் கட்டுப்பாடு இல்லை என்று கருதும் பள்ளி அது. அல்லது இந்த வாரத்துக்குள் இத்தனை பாடம் முடிந்திருக்க வேண்டும் என்ற கெடு தலைக்கு மேல் தொங்கும். நான்காவது நிலையில் பூச்சியம் வந்தால் ஆசிரியரைக் குறை சொல்கிறோம். கோளாறு மூன்றாவதில் இருந்திருக்கும்.

இது எங்கே உதவாது

பள்ளிக்குள் இல்லாத அறிவைப் பள்ளிக்குள் தேடிப் பெற முடியாது. மின்விளக்கைக் கடக்கும்போது மின்னோட்டத்தின் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது என்ற தவறான எண்ணம் மாணவர்களிடம் உலகெங்கும் காணப்படுவது. பள்ளியின் அறிவியல் ஆசிரியர்களுக்கும் அதே எண்ணம் இருந்தால், எத்தனை முறை கூடிப் பேசினாலும் தவறு உறுதிப்படும், திருந்தாது. பாட அறிவு குறைவாக உள்ள இடங்களில் வெளியிலிருந்து வரும் வல்லுநரும், ஆம், அந்த அரங்கப் பயிற்சியும்கூடத் தேவைப்படும்.

மிகச் சிறிய பள்ளிகளின் நிலை தனியானது. ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் என்றால் யாருடைய வகுப்பை யார் பார்ப்பது? அருகிலுள்ள மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரு பாடக் குழுவாக இயங்குவது ஒரு வழி. பாடத்தைக் காணொளியாகப் பதிந்து பகிர்வது இன்னொன்று. ஆனால் பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை முதலிலேயே எழுத்தில் தீர்மானித்துவிட வேண்டும். அது இல்லாத வரை எந்த ஆசிரியரும் கேமராவுக்கு முன் இயல்பாகப் பாடம் நடத்தமாட்டார்.